ஹெலிகாப்டருக்கு விரித்த துண்டு

இந்த நாட்டில் கொசு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறது. ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள்; வந்த புதிதில் நானும் நம்பவில்லை. எங்கள் தோட்டத்துக்கு வருகிறவர் பெயர் ஹம்சா, மலாய்க்காரர். குவாலா சிலாங்கூரிலிருந்து மோட்டார் சைக்கிளில், கையில் ஒரு டார்ச் விளக்கோடு வருவார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் பூந்தொட்டியின் அடித்தட்டு, எறும்பு ஏறாமலிருக்க அலமாரிக் காலுக்கு வைத்த தண்ணீர்க் கிண்ணம், கொல்லையில் கிடக்கும் பழைய டயர் என்று ஒவ்வொன்றிலும் விளக்கடித்துப் பார்ப்பார். நான் பூசை செய்யும் மாரியம்மன் கோயிலுக்கும் வருவார். வாசலில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, என் செப்புக்குடங்களின் மேல் குனிந்து விளக்கடிப்பார். புழு நெளிந்தால் குடத்தைத் தொடமாட்டார். என்னைப் பார்த்துச் சிரித்து, கவிழ்த்துவிடு என்று கையால் காட்டுவார். கொள்ளிடக் கரையில் எங்கள் ஊரில் பொழுது சாய்ந்தால் கொசு வரும், துண்டால் விசிறிக்கொள்வோம், தாங்காவிட்டால் வேப்பிலைப் புகை போடுவோம். உன் வீட்டுக் கொசுவுக்கு நீ பதில் சொல் என்று அங்கே யாரும் யாரையும் கேட்டதில்லை.

கிளம்பும்போது ஹம்சா ஒவ்வொரு முறையும் ஒன்று கேட்பார்: "சாமி, சுடா மாக்கான்?" சாப்பிட்டாயிற்றா என்று பொருள். எனக்கு மலாய் தெரியாது. கோயில் தலைவர் மண்டோர் முனியாண்டிதான் இருவருக்கும் நடுவே நிற்பார். மண்டோர் என்றால் வேலையாட்களை மேய்க்கும் கங்காணி. நான் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து நின்று விளக்கம் சொல்வேன். பிறர் கையால் சமைத்ததை நான் உண்பதில்லை, அம்மனுக்கு நைவேத்தியம் ஆன பிறகு நானே பொங்கி ஒருவேளை உண்பேன், அது எங்கள் ஆசாரம், இவரிடம் எடுத்துச் சொல்லுங்கள் என்பேன். முனியாண்டி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஹம்சாவிடம் திரும்பி, "சுடா" என்பார். ஆயிற்று என்று அர்த்தம். மலாய் மொழி இவ்வளவு சுருக்கமானதா என்று நான் வியந்திருக்கிறேன். அது நம் 'சௌக்கியமா' போல வெறும் நலம் விசாரிப்பு என்பதும், அதற்கு யாரும் பதிலை எதிர்பார்ப்பதில்லை என்பதும் எனக்கு விளங்கவே ஓராண்டுக்கு மேல் ஆனது.

அந்த ஆசாரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் குடும்பம் பூக்கட்டும் பண்டாரக் குடும்பம். ஊர் எல்லையிலுள்ள பிடாரி கோயிலில் அப்பா பூசை செய்தார். பெரிய கோயிலுக்குப் பூ கொண்டுபோனால் மடப்பள்ளி வாசற்படியில் கூடையை வைத்துவிட்டு எட்டி நிற்பார். மரக்கறிதான் சாப்பிடுவோம் என்றாலும் அண்டை அயல் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் இன்னொரு கரண்டி கேட்கிற வீடுதான் எங்களுடையது. எண்பதுகளின் தொடக்கத்தில் கோயில் வேலைக்குப் பெர்மிட் கிடைத்து நான் இந்தத் தோட்டத்தில் லோரியிலிருந்து இறங்கியபோது, முனியாண்டி கூட்டத்தைப் பார்த்து, "ஐயரு வந்துட்டாரு, வழி வுடுங்க!" என்றார். அந்தச் சொல் என்னைத்தான் குறிக்கிறது என்று புரிய ஒரு கணம் பிடித்தது. நான் ஐயரில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் குனிந்து என் காலைத் தொட்டார்கள். வாழ்க்கையில் அதற்கு முன் யாரும் என் காலைத் தொட்டதில்லை.

வாங்கிக்கொண்ட பட்டத்தைக் காப்பாற்ற எத்தனை வேலை செய்யவேண்டியிருக்கிறது! கோயிலுக்குப் பின்னால் எனக்குக் கொடுத்த அறையில் தனி மண்ணெண்ணெய் அடுப்பு, தனிச் செம்பு, தனித் தட்டு. காலையில் லயத்துப் பக்கம் போனால், "பசியாறிட்டுப் போங்க ஐயரே" என்று வாசலுக்கு வாசல் கூப்பிடுவார்கள். காலைச் சிற்றுண்டி உண்பதை இங்கே அப்படித்தான் அழகாகச் சொல்கிறார்கள். நான் கையை உயர்த்தி ஆசீர்வாதம் போல ஒன்று செய்துவிட்டு நகர்ந்துவிடுவேன். தட்சிணையைக்கூடக் கையில் வாங்குவதில்லை, தட்டில் வைக்கச் சொல்வேன். ஊரில் என் அப்பாவுக்கு யார் என்ன செய்தார்களோ, அதை ஒன்று விடாமல் நினைவில் வைத்திருந்து இந்த மக்களுக்குச் செய்தேன். அவர்கள் அதைப் பக்தியோடு ஏற்றுக்கொண்டார்கள். கடல் தாண்டி வந்த நாங்கள் பலரும் இங்கே ஒரு படி உயர்ந்த ஆளாகத்தான் நடந்துகொள்கிறோம். எங்களைத் தெரிந்தவர்கள் யாரும் பக்கத்தில் இல்லை என்ற தைரியம் அது.

நான் வந்த ஆண்டின் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. இங்கே மழைக்குப் பஞ்சமில்லை, ஆனால் அது நம் ஐப்பசி மழைபோல இரவு பகல் பாராமல் விழுந்தது. எங்கள் தோட்டம் கடலை ஒட்டிய சமதரை. கடல் நீர் ஏறாமலிருக்க நீளமாக மண்கரை போட்டிருப்பார்கள். ஒரு பக்கம் ஆறு பெருகி வர, மறுபக்கம் கடலும் ஏறி நிற்க, கரை உடைந்து, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே தண்ணீர் வந்துவிட்டது. கீழ் லயம் முழுவதும் சன்னல் மட்டம் வரை மூழ்கியது. மேட்டில் இருந்தது கோயில்தான். பாய், தலையணை, கோழிக்கூடை, தையல் இயந்திரம் என்று கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் கோயில் மண்டபத்துக்கு வந்தார்கள். மண்டபத்துக்குப் பக்கத்துக் கொட்டகையில் பொது அடுப்பு மூட்டினார்கள். அதற்குப் பொறுப்பு அஞ்சலை என்ற பெண். செம்பனைத் தோப்பில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்பவர். முப்பத்தைந்து வயது இருக்கும். குரல் பெரியது, கை அதைவிடப் பெரியது. இங்குள்ளவர்களைப் போலப் பேச்சின் முடிவில் ஒரு 'லா' சேர்ப்பார். நிவாரணமாக வந்தவை அரிசியும் பிஸ்கட்டும் சார்டின் மீன் டின்னும்தான். அதை வைத்துக்கொண்டு அவ்வளவு பேருக்கும் வேளை தவறாமல் போட்டார்.

முதல் நாள் மத்தியானம் அஞ்சலை ஒரு மங்குத் தட்டில் சோறும் புளிக்குழம்பும் கங்கோங் கீரையும் எடுத்துக்கொண்டு என் அறை வாசலுக்கு வந்தார். தட்டைக் கழுவியிருந்தது பளபளப்பில் தெரிந்தது.

"ஐயரே, மீன் சட்டியத் தொடறதுக்கு முன்னாடியே ஒங்களுக்குத் தனியா ஆக்கி எடுத்து வச்சிட்டேன். குளிச்சிட்டுத்தான் ஆக்குனேன். சாப்புடுங்க லா, மழையில எங்க போயி நீங்க பொங்குவீங்க?"

"வேண்டாம்மா. நான் வெளியில் சாப்பிடுவதில்லை. உங்களுக்குத் தெரியாதா?"

அஞ்சலை தட்டை அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டு போனார். கொட்டகையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதைத் தானே சாப்பிட்டதை நான் என் சன்னல் வழியாகப் பார்த்தேன். அதன்பிறகு யாரும் எனக்குச் சாப்பாடு கொண்டுவரவில்லை.

மாலையில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது முனியாண்டி என்னைக் கேட்டார்: "ஊர்லயும் இந்த மாதிரி வெள்ளம் வருமா ஐயரே?" எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "வரும், வரும். கொள்ளிடம் உடைந்தால் இதெல்லாம் எந்த மூலைக்கு! அப்போது எங்கள் வீட்டில்தான் பெரிய அடுப்பு மூட்டுவோம். ஊருக்கே எங்கள் வீட்டுச் சோறுதான்" என்றேன். கூசாமல் சொன்னேன். கேட்டவர்கள் முகத்தில் மரியாதை இன்னும் ஒரு பங்கு கூடியது.

நடந்தது என்னவென்று இப்போது சொல்கிறேன். கொள்ளிடம் உடைந்தபோது எங்கள் மண்சுவர் வீடு கரைந்து ஒரு பக்கமாக உட்கார்ந்துவிட்டது. அப்பா, அம்மா, நான் மூவரும் பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் ஏறிக்கொண்டோம். ஊரில் தப்பித்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தோம். எந்தத் தெருக்காரர் என்று கேட்க இடமுமில்லை, கேட்கத் தெம்புமில்லை. நாள்கணக்கில் பட்டினி கிடந்த பிறகு பட்டாளத்து ஹெலிகாப்டர் வந்தது. அதைப் பார்த்ததும் ஆண்கள் துண்டை விரித்தோம், பெண்கள் முந்தானையை ஏந்தினார்கள். "ஐயா, இந்தப் பக்கம் போடுங்க! ஐயா, இங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினோம். எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலங்கள் விழுந்தன. பாதி தண்ணீரில் போயின. என் துண்டில் ஒன்றும் விழவில்லை. என் பக்கத்தில் காலனியிலிருந்து வந்த ஒரு பெரியவர் நின்றிருந்தார். ஊரில் எங்கள் வாசலுக்குள் அவர் வந்ததில்லை, நாங்களும் விட்டதில்லை. அவர் துண்டில் விழுந்ததை எங்கள் மூன்று பேருக்கும் பிரித்துக் கொடுத்தார். அவர் கையிலிருந்தே வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். யார் பொங்கினார்கள், எந்தச் சட்டியில் பொங்கினார்கள் என்று யோசிக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் அப்பா எங்களைத் தலைமுழுகச் சொன்னார். வெள்ளத்துக்குள்ளிருந்து வந்தவர்களுக்கு இன்னும் என்ன முழுக்கு என்று அம்மா கேட்டாள். அப்பா முழுகினார். நானும் முழுகினேன்.

தோட்டத்துக்குத் திரும்புகிறேன். என் அறையில் மழை ஒழுகி அரிசி மூட்டை நனைந்து புழுங்கிப்போனது. அடுத்து மண்ணெண்ணெய் தீர்ந்தது. கொட்டகையில் கேட்டால் ஒரு போத்தல் கொடுத்திருப்பார்கள், ஆனால் கேட்டால் அடுப்பு அணைந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும், பிறகு சாப்பிட வாருங்கள் என்பார்கள், மறுக்க எனக்குத் தெம்பு இருக்காது. அதனால் வெள்ளம் வடியும்வரை அம்மனுக்கு விரதம் இருப்பதாக அறிவித்துவிட்டேன். மக்கள் உருகிப்போனார்கள். "நமக்காகத்தான் ஐயரு பட்டினி கெடக்கிறாரு" என்று என் காதுபடப் பேசிக்கொண்டார்கள். உடைத்த தேங்காயும் இரண்டொரு வாழைப்பழமும்தான் என் ஆகாரம். மாலைதோறும் கொட்டகையில் குழம்பு தாளிக்கிற வாசனை வரும்போது அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன்.

மழை விட்டது. தண்ணீர் மெல்ல இறங்கி, பள்ளங்களிலும் வாய்க்கால்களிலும் தேங்கி நின்றது. அப்புறம் வந்தது பாருங்கள் கொசு! பேச வாயைத் திறந்தால் உள்ளே போயிற்று. தீபாராதனைத் தட்டில் கருகி விழுந்தது. பிள்ளைகள் உடம்பெல்லாம் தடிப்பு. கீழ் லயத்தில் காய்ச்சல் வந்து சிலரைக் குவாலா சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஹம்சா சேறு தெறிக்க மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். தரையில் நடந்து மருந்தடிக்க முடியாது, வண்டியும் போகாது, அதனால் மறுநாள் காலை ஹெலிகாப்டர் தாழப் பறந்து தோட்டம் முழுவதும் கொசு மருந்து தெளிக்கப்போகிறது என்றார். எல்லாரும் உள்ளே இருக்கவேண்டும், கதவு சன்னல் சாத்தவேண்டும், தண்ணீர்த் தொட்டி, சோற்றுப் பானை எல்லாவற்றையும் மூடவேண்டும், காயப்போட்ட துணியை எடுத்துவிடவேண்டும். இதை மக்களுக்கு அறிவிக்கிற பொறுப்பு யாருக்கு வந்தது என்று நினைக்கிறீர்கள்? எனக்குத்தான். கோயிலில் பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கி இருந்தது; ஐயர் சொன்னால் எல்லாரும் கேட்பார்கள் என்றார் முனியாண்டி. அன்று மாலையும் மறுநாள் விடிந்த பிறகும் நான் மைக்கைப் பிடித்து, சுத்தமான தமிழில், "அன்பார்ந்த பக்தர்களே, வானூர்தியின் ஓசை கேட்டதும் எக்காரணம் கொண்டும் எவரும் வெளியே வரலாகாது" என்று முழங்கினேன். என் குரல் செம்பனைகளுக்கு அப்பால் போய் எதிரொலித்தது எனக்கே பிடித்திருந்தது.

அறிவித்துவிட்டு அம்மன் சந்நிதியைச் சாத்தினேன். மற்றவர்கள் மண்டபத்தில் ஒன்றாக அடைந்திருந்தார்கள். நான் வழக்கம்போல என் அறையில் தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு பாயில் படுத்தேன். தலை சுற்றியது. கண் செருகியது. அப்போது தூரத்தில் அந்தச் சத்தம் கேட்டது.

நான் தூக்கத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். அப்படியில்லை. எழுந்தது எனக்குத் தெரியும். கதவுத் தாழ்ப்பாளை நீக்கியது தெரியும். சற்றுமுன் என் வாயாலேயே ஒலிபெருக்கியில் சொன்னது அத்தனையும் நினைவிருந்தது. ஆனால் வெள்ளம், பட்டினி, ஹெலிகாப்டர் என்ற மூன்றும் ஒன்று சேர்ந்தால் செய்யவேண்டியது என்ன என்று என் வயிறு ஏற்கெனவே ஒருமுறை கற்றுவைத்திருந்தது. அது என்னைக் கேட்காமலே கிளம்பிவிட்டது. கோயில் முன் திடலுக்கு ஓடினேன். சேற்றில் ஒரு தடவை விழுந்து எழுந்தேன். தோளில் கிடந்த பட்டுக்கரைத் துண்டை, அம்மன் திருவிழாவில் எனக்குப் போர்த்திய துண்டை, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். ஹெலிகாப்டர் செம்பனைத் தலைகளை உரசுகிறாற்போல வந்தது. இரண்டு பக்கமும் நீளக் குழாய்கள் நீட்டியிருந்தன. அதை ஓட்டியவர் என்னைக் கண்டுவிட்டார் போலிருக்கிறது. கண்ணாடிக்குள்ளிருந்து கையை வேகமாக வீசினார். உள்ளே போ, உள்ளே போ என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அது, இதோ போடுகிறேன், பிடித்துக்கொள் என்று பட்டது.

"ஐயா, இந்தப் பக்கம் போடுங்க! ஐயா, இங்க! சோறு போடுங்க ஐயா!" என்று கத்தினேன்.

ஒலிபெருக்கியில் பேசிய தமிழ் எங்கே போயிற்றோ. எங்கள் மொட்டைமாடித் தமிழ்தான் வந்தது. மேலிருந்து ஒன்று இறங்கியது. பொட்டலமில்லை. மெல்லிய புகைபோல மருந்துத் தூவல், டீசலும் அழுகிய பூண்டும் கலந்த நாற்றத்தோடு, என் தலையிலும் கண்ணிலும் விரித்த துண்டிலும் விழுந்தது. நான் அப்போதும் குனிந்து துண்டுக்குள் பார்த்தேன். ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். இதை எழுதும்போதுகூட என் காது சுடுகிறது.

பிறகுதான் கண் எரிந்தது. எரிச்சலில் தலையைத் திருப்பியபோது மண்டபத்துச் சன்னல் இடுக்குகளில் முகங்களைப் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்றாக, எத்தனையோ கண்கள். உள்ளே யாரோ ஒருவர் சிரித்தார். இன்னொருவர் "சூ, வாய மூடு" என்று அதட்டினார். அந்த அதட்டல்தான் தாங்கமுடியவில்லை. எல்லாரும் சிரித்திருந்தால் நானும் ஏதோ சொல்லிச் சமாளித்திருப்பேன். அவர்கள் எனக்காக வெட்கப்பட்டார்கள். ஊருக்கே சோறு போட்ட வீட்டுப் பிள்ளை சேற்றில் நின்று ஆகாயத்தைப் பார்த்துப் பிச்சை கேட்டதை, முன்பே சோற்றைக் கொண்டுவந்து நீட்டிய மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூமி பிளந்து உள்ளே போகமாட்டோமா என்று இருந்தது.

மண்டபக் கதவு திறந்தது. தலையிலும் முகத்திலும் துணியைச் சுற்றிக்கொண்டு அஞ்சலை ஓடிவந்தார். என் அருகில் வந்ததும், நீட்டிய கையை ஒரு சாண் தூரத்தில் நிறுத்திக்கொண்டார்.

"ஐயரே, தொட்டுத்தான் இழுத்துட்டுப் போகணும். கோவிச்சுக்காதீங்க."

மருந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்திலும் அவர் என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நின்றார். நான் தலையாட்டினேன். என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மழைநீர்த் தொட்டியின் மூடியைக் கொஞ்சமாக நீக்கி, வாளி வாளியாகத் தலையில் ஊற்றினார். கண்ணைத் திறந்து வைக்கச் சொல்லி முகத்தில் வாரி அடித்தார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. வாந்தி எடுத்தேன். தேங்காய்த் துணுக்குகளும் தண்ணீரும்தான் வந்தன. அஞ்சலை அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"மண்ணெண்ணெய் தீந்துபோச்சுன்னு எங்களுக்குத் தெரியும் ஐயரே. ஒங்க அறையில பொக வரல. நாங்களாக் கொண்டாந்து குடுத்தா நீங்க வேணாம்னுடுவீங்க. நீங்களாக் கேப்பீங்கன்னு தெனமும் ஒரு தட்டு எடுத்து வச்சிட்டுத்தான் இருந்தேன்" என்றார்.

அதில் குத்தலே இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம்.

மண்டபத்துக்குள் கூட்டிப்போய் ஒரு தூணோரம் உட்கார வைத்தார்கள். முனியாண்டி தன் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்தால் நான் சங்கடப்படுவேன் என்று எல்லாரும் வேறு எதையோ பார்த்தார்கள். ஹெலிகாப்டர் வாய்க்கால் பக்கம் போய், திரும்ப வந்து, மறுபடி போயிற்று. சுவரோரம் கொட்டகையிலிருந்து கொண்டுவந்து வைத்த பானைகள் மூடியின்மேல் கல்லோடு இருந்தன. இப்போது நான் கேட்கவேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. அஞ்சலை இனிமேல் தட்டை நீட்டமாட்டார். நீட்டித் திருப்பி எடுத்துக்கொண்டு போகும் அவமானத்தை இன்னொரு முறை நான் கொடுக்க அவர் இடம்தரமாட்டார். ஆகாயத்தைப் பார்த்து ஊரே கேட்கக் கத்திய எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணிடம் அதே சொல்லைச் சொல்ல நா எழவில்லை. கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"அம்மா, சோறு இருக்கா?"

"இருக்கு. ஆனா ஹம்சா வந்து தொறக்கச் சொல்ற வரைக்கும் மூடியத் தொறக்கக் கூடாது லா. நீங்கதான மைக்குல சொன்னீங்க?" என்றார் அஞ்சலை. மண்டபத்தில் சிரிப்பு வெடித்தது. நானும் சிரித்தேன் என்று சொல்லத்தான் ஆசை. நான் அழுதேன்.

சத்தம் அடங்கி வெகுநேரம் கழித்து ஹம்சா வந்தார். நடந்ததை முனியாண்டி மலாயில் சொல்லியிருப்பார் போல. ஹம்சா என் கண் இமையை விரலால் நீக்கிப் பார்த்தார், இன்னும் கழுவு என்று கையால் காட்டினார். எழுந்திருக்கும்போது பழக்கத்தில் கேட்டார்: "சாமி, சுடா மாக்கான்?" முனியாண்டி வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு, அதற்குள் காதில் விழுந்து விழுந்து தெரிந்து வைத்திருந்த ஒரு சொல்லைச் சொன்னேன்: "பெலும்." இன்னும் இல்லை என்று அர்த்தம். அவர் நலம் விசாரித்தார், நான் உண்மையைச் சொன்னேன். நலம் விசாரிப்புக்கு இங்கே யாரும் அப்படிப் பதில் சொல்வதில்லையாம். ஹம்சா ஒரு கணம் திகைத்து நின்று, பிறகு பானைகளைத் திறக்கச் சொன்னார். பந்தியில் எல்லாரோடும் உட்கார்ந்தேன். குழம்பில் உப்பு கூடுதலாக இருந்தது. இரண்டாம் முறை நானே கேட்டு வாங்கினேன்.

இதோடு நான் திருந்தி நல்ல மனிதனாகிவிட்டேன் என்று எழுதினால் படிக்கிற உங்களுக்கும் நிம்மதியாக இருக்கும். லயத்து வீடுகளில் இப்போது பசியாறுகிறேன், அது உண்மை. நான் ஐயரில்லை என்று முனியாண்டியிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் கெடக்கட்டும் ஐயரே, திருநீறு குடுங்க, வேலைக்கு நேரமாச்சு" என்று நெற்றியைக் காட்டினார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை. இன்றும் ஐயரே என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறேன். வெட்கம் இருக்கிறது, வெட்கத்தோடு திரும்பிப் பார்க்கிறேன்.

சென்ற ஆண்டு விடுப்பில் ஊருக்குப் போனேன். தோட்டத்தில் சேர்த்ததில் வீட்டுக்கு ஓடு போட்டிருந்தோம். அப்பா அதற்கு முன்பே காலமாகியிருந்தார். அம்மா எனக்குப் பரிமாறிக்கொண்டே, "அங்க யாரு கையால சாப்புடறே?" என்று கேட்டாள். "நானே பொங்கிக்கிறேம்மா" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியவில்லை. அஞ்சலையின் பெயரைச் சொல்ல வாய் வரை வந்தது. மொட்டைமாடியில் அந்தப் பெரியவர் கையில் வாங்கித் தின்றதைப் பற்றி எங்கள் வீட்டில் அதன்பிறகு எப்படி யாரும் பேசவில்லையோ, அப்படியே இதையும் விழுங்கிவிட்டேன். அங்கே ஒரு பொய், இங்கே ஒரு பொய். இரண்டு ஊரிலும் சோறு மட்டும் உண்மையாகத்தான் கிடைத்துக்கொண்டிருக்கிறது.

தேர்தல் காலம் அது. கிளம்புவதற்கு முந்திய நாள் மத்தியானம், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, யாரோ தலைவர் வருகிறார் என்று ஆற்றுப்பக்கமிருந்து ஹெலிகாப்டர் வந்தது. தெருவே திமுதிமுவென்று வெளியே ஓடியது. காலனிக்காரர்கள் அந்தப் பக்கமாகவும் எங்கள் தெருக்காரர்கள் இந்தப் பக்கமாகவும் நின்று, எல்லாரும் ஆகாயத்தைப் பார்த்துக் கையாட்டினார்கள். அம்மாகூடக் கரண்டியோடு வாசலுக்குப் போய்விட்டாள். நான் எச்சில் கையோடு எழுந்து, வாசல்பக்கத்து இரண்டு சன்னலையும் சாத்தினேன். குடிதண்ணீர்க் குடத்தை மூடினேன். சோற்றுப் பானைக்கு மூடி அகப்படவில்லை. என் தட்டையே கவிழ்த்து அதன்மேல் வைத்து, பறந்துவிடாமல் கையால் அழுத்திக்கொண்டேன்.

"எல்லாரும் இங்க நிக்கிறோம், உள்ள என்னடா பண்றே? வெளிய வந்து பாரேன்!" என்று அம்மா கூப்பிட்டாள்.

சத்தம் தலைக்கு மேலே வந்துவிட்டது. "உள்ள வந்துடுங்க, யாரும் வெளிய நிக்காதீங்க" என்று நான் உள்ளிருந்து சொன்னது ஒருவர் காதிலும் விழவில்லை.